தூண்டில் குண்டு வார்க்க ஈயம்: சென்னையில் எங்கே வாங்குவது? அச்சு எழுத்தை உருக்கலாமா?

வஞ்சிரப்பித்தன் எழுதியது:

வணக்கம். பட்டினப்பாக்கத்திலும் கோவளத்திலும் கரையில் நின்று தூண்டில் போடுகிறவன் நான். கோவளத்துப் பாறையில் ஒரு காலைப்பொழுதுக்கு நான்கைந்து குண்டுகளாவது மாட்டிக்கொண்டு அறுந்துபோகின்றன. கடையில் 100 கிராம் குண்டு விற்கிற விலைக்கு, கிடைக்கிற மீனைவிடக் கடலில் விடுகிற உலோகம் அதிகமாகிவிட்டது. வீட்டில் இதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஆகவே நானே வார்ப்பது என்று முடிவு செய்து, அலுமினிய அச்சு ஒன்றும் வாங்கிவிட்டேன். தூய ஈயம் ஊற்றினால் சரியாக 100 கிராம் வரும் என்று அதில் குறித்திருக்கிறது. இரண்டு கேள்விகள்.

ஒன்று, பழைய ஈயம் நம்பிக்கையாக எங்கே கிடைக்கும்? சக்கரம் ஆடாமல் சுழல விளிம்பில் மாட்டி, டயர் கடைகளில் கழற்றிப் போடும் சக்கர எடைக்கட்டிகள், பழைய பேட்டரி, கேபிள் உறை என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இரண்டு, திருவல்லிக்கேணியில் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த ஒரு சிறிய அச்சகத்தைக் காலி செய்கிறார்கள். ஏறக்குறைய 18 கிலோ அச்சு எழுத்துகளைச் சாக்கில் கட்டி எடைக்குத் தருவதாகச் சொன்னார்கள். முன்பணம் கொடுத்துவிட்டேன். அதை அப்படியே உருக்கலாமா?

---

காசிமேட்டுக்காரன் எழுதியது:

தம்பி, முதலில் பேட்டரியை மறந்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நாங்கள் வலையின் அடிக்கயிற்றுக்கு ஈயத்தைத் தகடாக வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, கயிற்றின்மேல் சுருட்டிச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவோம். அதற்கு மெத்தென்ற ஈயம் வேண்டும். கொஞ்சம் கடினமாக இருந்தால் மடிக்கும் இடத்தில் வெடித்துவிடும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. வீசி எறிகிற குண்டு ஓரளவு கடினமாக இருப்பதே நல்லது, பாறையில் பட்டு நசுங்காது. எந்த வேலைக்கு எந்த ஈயம் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் 'ஈயம்' என்று சொல்வது ஈயம் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

---

பழையஇரும்பு எழுதியது:

புதுப்பேட்டையில் இருபது வருடம் கடை வைத்திருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

நகரத்தில் கிடைக்கும் மிக மென்மையான ஈயம், இடிக்கப்படும் பழைய வீடுகளில் இருக்கிறது. அந்தக் காலத்தில் வார்ப்பிரும்புக் கழிவுநீர்க் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, இடைவெளியில் சணலைத் திணித்து, மேலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவார்கள். மயிலாப்பூர், புரசைவாக்கம் பக்கம் வீடு இடிக்கிற மேஸ்திரிகளைப் பிடியுங்கள். குழாயை உடைத்தால் வளையல் மாதிரி முழு வளையமாக வரும். நகத்தால் அழுத்தினால் கோடு பதியும். அதுதான் அடையாளம். எக்ஸ்ரே அறைகளைப் பிரிக்கும்போது வரும் தகடும் அப்படித்தான், ஆனால் அது சில்லறையாகக் கிடைப்பது அரிது.

கேபிள் உறையும் நல்ல சரக்குதான். ஆனால் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். தரைக்கடியில் இருக்கும் கேபிளை வெட்டி விற்கிற கூட்டம் எப்போதும் உண்டு. திருட்டுச் சரக்கு வாங்கியவன் வீட்டுக்கும் போலீஸ் வரும். ரசீது தராத கடையில் வாங்க வேண்டாம்.

சக்கர எடைக்கட்டியில்தான் ஏமாறுவீர்கள். ஒரு காலத்தில் எல்லாம் ஈயம். இப்போது வாளியில் கையை விட்டால் இரும்பும் துத்தநாகமும் கலந்து வருகின்றன. காந்தம் இரும்பைப் பிடித்துவிடும், துத்தநாகத்தைப் பிடிக்காது. சிலவற்றில் துத்தநாகத்தின் வேதிக்குறியீடு பொறித்திருக்கும், பலவற்றில் தேய்ந்திருக்கும். சிமெண்டுத் தரையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஈயம் 'தொப்' என்று விழும். துத்தநாகம் 'டிங்' என்று பேசும். சந்தேகம் தீராவிட்டால் வெட்டும் குறட்டின் பல்லைப் பதியுங்கள், ஈயத்தில் இறங்கும், துத்தநாகத்தில் வழுக்கும்.

---

டெக்சாஸ்வாசி எழுதியது:

அம்பத்தூரில் பிறந்து இப்போது டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே என் பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கித் தோட்டாவுக்கான ஈயத் தலையைத் தானே வார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு உதவியாளன் நான். பழைய ஈயத்தைத் தேடுவதில் இவர்களுக்கு இருக்கும் வெறி தனி வகை. டயர் கடைக்குப் பெட்டி நிறைய பலகாரம் கொடுத்து ஒரு வாளி எடைக்கட்டி வாங்கி வருவார்.

அவரிடம் கற்றது இது. பழைய கவ்வு வகை எடைக்கட்டியில் ஏறக்குறைய 95 சதவீதத்துக்கு மேல் ஈயம், மூன்று முதல் நான்கு வரை ஆண்டிமனி என்ற உலோகம், அரை சதவீதம் அளவுக்கு வெள்ளீயம். சக்கரத்தில் ஒட்டும் வகை கிட்டத்தட்டத் தூய ஈயம், மென்மையானது. ஆண்டிமனி கடினத்தைத் தருகிறது. வெள்ளீயம் உருகிய உலோகத்தை அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓட வைக்கிறது. இவர்கள் பெரிதும் பேசும் ஒரு கலவை 90 பங்கு ஈயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆண்டிமனி. உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் எண் தூய ஈயத்துக்கு 5 என்றால் அந்தக் கலவைக்கு 15 வரும்.

எடைக்கட்டி இங்கும் அருகி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இலும், கலிபோர்னியா 2010-இலும் ஈய எடைக்கட்டியைத் தடை செய்துவிட்டன. அதனால் இவர்கள் இப்போது துரத்துவது அச்சகத்து உலோகத்தைத்தான். லினோடைப் (வரி வரியாக எழுத்து வார்க்கும் இயந்திரத்தின் உலோகம்) என்றால் 84 ஈயம், 12 ஆண்டிமனி, 4 வெள்ளீயம். எழுத்து எழுத்தாக வார்க்கும் மோனோடைப்பில் ஆண்டிமனி இன்னும் கூடுதல். கையால் கோக்கும் எழுத்து எல்லாவற்றையும்விடக் கடினம். உங்கள் 18 கிலோவைக் கேட்டால் என் பக்கத்து வீட்டுக்காரர் விமானம் ஏறிவிடுவார்.

---

அடையாறுஆலமரம் எழுதியது:

அப்படியானால் நம் ஊரிலும் இதே முறையில் தோட்டா வார்க்க முடியுமா? தாத்தாவின் பழைய துப்பாக்கி ஒன்று கிராமத்தில் இருக்கிறது.

---

பழையஇரும்பு எழுதியது:

வேண்டாம் ஐயா. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 'வெடிபொருள் தளவாடம்' என்பதற்குள் தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்யும் கருவிகளும் சேர்ந்தே வருகின்றன. உரிமம் இல்லாமல் தயாரித்தால் குற்றம். தாத்தாவின் துப்பாக்கிக்கு இன்று யார் பெயரில் உரிமம் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். இந்த இழையில் குண்டு என்றால் தூண்டில் குண்டு மட்டும்.

---

ரசப்பிரியை எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். வெள்ளீயம் வேண்டும் என்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஓட்டை விழுந்த ஈயச்சொம்பு ஒன்று இருக்கிறது. அதை உருக்கிச் சேர்க்கலாமா? ரசம் வைத்த பாத்திரம்.

---

டெக்சாஸ்வாசி எழுதியது:

அம்மா, அது நிஜமான ஈயச்சொம்பாக இருந்தால் வெள்ளீயம்தான். எடைக்கு எடை காரீயத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் விலை போகிற உலோகம். அதைக் கடலில் எறிகிற குண்டில் சேர்ப்பது நெய்யை ஊற்றி அடுப்பு மூட்டுவது மாதிரி. பாத்திரக் கடையில் மாற்றுக்குக் கொடுத்துப் புதிது வாங்குங்கள்.

நம் மொழியில் இது ஒரு சங்கடம். காரீயமும் 'ஈயம்', வெள்ளீயமும் 'ஈயம்'. பித்தளைக்கு ஈயம் பூசுகிறவர் பூசுவது வெள்ளீயம். கடையில் கேட்கும்போது காரீயம் என்று கேட்க வேண்டும்.

---

ரசப்பிரியை எழுதியது:

நிஜமானதுதான் என்பதற்குச் சான்று உண்டு. அதன் ஜோடிச் சொம்பை என் அத்தை வெறுமனே அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைபேசி எடுக்கப் போனார். திரும்பி வந்தபோது பர்னரைச் சுற்றிப் பாதரசம் மாதிரி ஓடிக் கிடந்தது. உள்ளே ரசம் இருக்கிறவரை ஒன்றும் ஆகாது, வற்றினால் அவ்வளவுதான்.

---

டெக்சாஸ்வாசி எழுதியது:

வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327-இல். ஆனால் உருகியதால் மட்டும் அது தூய வெள்ளீயம் என்று ஆகிவிடாது அம்மா. இரண்டும் கலந்தால் இன்னும் சீக்கிரம் உருகும், பற்றவைக்கிற 63-க்கு 37 கலவை 183 டிகிரியிலேயே இளகிவிடும். கலப்படச் சொம்பு விற்கிற ஆட்களும் இருக்கிறார்கள். புதிது வாங்கும்போது சோதித்துத் தரச்சொல்லுங்கள். ரசம் புளிப்பு, புளிப்பு காரீயத்தை இழுக்கும்.

---

கம்பாசிட்டர்மகன் எழுதியது:

மூன்று நாள் கழித்துத்தான் இந்த இழையைப் பார்க்கிறேன். வஞ்சிரப்பித்தன், உருக்கிவிட்டீர்களா? இல்லையென்றால் தயவுசெய்து பொறுங்கள்.

என் அப்பா ராயப்பேட்டையில் காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் அச்சகம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் எழுத்துக் கோத்தவர். உங்கள் சாக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? ஒரு கைப்பிடி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு துண்டின் தலையிலும் இடம் வலம் மாறிய எழுத்து இருக்கும். அதில் லை, னை, ணை, ளை என்பவற்றைத் தேடுங்கள். இப்போது எழுதுவது மாதிரி முன்னால் தனிக் கொம்பு இல்லாமல், எழுத்தின் தலையிலிருந்தே யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி வளைந்து இறங்கினால் அது பழைய வடிவம். ணா, றா, னா ஆகியவற்றிலும் துணைக்காலுக்குப் பதில் அடியில் ஒரு சுருள் இருக்கும். பெரியார் 1935-இலேயே குடி அரசில் இவற்றை மாற்றி அச்சிட்டார். தமிழக அரசு 1978-இல்தான் அதை ஏற்று ஆணை போட்டது. அதன்பின் எழுத்து வார்க்கும் பவுண்டரிகளில் இந்த வகையில் மொத்தம் பதிமூன்று எழுத்துகளுக்கும் பழைய வடிவத்தை வார்க்கத் தேவையே இல்லாமல் போயிற்று. உருகியது உருகியதுதான், இனி வார்ப்பதற்கு அச்சும் இல்லை, ஆளும் இல்லை.

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்காகவும் சொல்கிறேன். அச்சு எழுத்து உங்கள் வேலைக்கு ஒத்துவராத உலோகம். கடினம் அதிகம், எடை குறைவு. குண்டுக்கு வேண்டியது எடை. ஈயத்தின் அடர்த்தி 11.34, ஆண்டிமனிக்கு 6.7, வெள்ளீயத்துக்கு 7.3. டெக்சாஸ் நண்பர் சொன்ன லினோடைப் கலவையை உங்கள் 100 கிராம் அச்சில் ஊற்றினால் 90 கிராம்தான் வரும். கையால் கோக்கும் எழுத்து என்றால் இன்னும் குறையும்.

---

காசிமேட்டுக்காரன் எழுதியது:

அந்த 90 கிராம் கணக்கு எல்லாருக்கும் உதவும். ஒரே அச்சில் ஊற்றித் தராசில் வைத்தால் கலவை என்னவென்று தராசே சொல்லிவிடும். சுத்தமாக நிரம்பிய குண்டு 100 என்றால் மெத்தென்ற ஈயம். 97, 98 என்றால் எடைக்கட்டி மாதிரி. 90 என்றால் அச்சகம். முழுக்கத் துத்தநாகம் என்றால் 63-தான் வரும்.

---

வஞ்சிரப்பித்தன் எழுதியது:

உருக்கவில்லை. சாக்கு இன்னும் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் வேறொன்றை உருக்கிக் கெட்டேன். அதைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்க வேண்டாம்.

ஒரு கடையில் 10 கிலோ எடைக்கட்டி வாங்கினேன். பழைய இரும்பு அண்ணன் சொன்னபடி முதலில் கொஞ்ச நேரம் தரையில் போட்டுக் கேட்டேன். இரண்டு கிலோ வரை பொறுமை இருந்தது. அதற்குள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மீதியைக் காந்தம் மட்டும் காட்டிவிட்டு இரும்புச் சட்டியில் கொட்டினேன். கல்யாணச் சமையல்காரர் வைத்திருக்கும் பெரிய பர்னர். அரைமணி நேரத்தில் மேலே மிதந்த கட்டிகளும் கரைந்தன. எல்லாம் நன்றாக உருகிவிட்டது என்று மகிழ்ந்தேன். கரண்டியை விட்டால் கேழ்வரகுக் கூழ். கசடு பிரியட்டும் என்று மரத்தூள் போட்டுக் கிளறினேன், மெழுகுவத்தித் துண்டு போட்டேன், கூழ் கூழாகவே இருந்தது. ஊற்றிய குண்டுகள் எல்லாம் சுருக்கம் விழுந்து, பாதி நிரம்பி, கிழவியின் முழங்கை மாதிரி இருக்கின்றன. ஒன்று 84 கிராம்.

---

பழையஇரும்பு எழுதியது:

சிரிக்காமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும். துத்தநாகம் உருகுவது ஏறக்குறைய 420 டிகிரியில். சட்டியை அதற்குக் கீழே வைத்திருந்தால், தப்பி வந்த துத்தநாகக் கட்டிகள் மேலே அப்படியே மிதந்திருக்கும், துளைக்கரண்டியால் அள்ளிப் போட்டிருக்கலாம். கல்யாண பர்னரில் அந்த இடைவெளியே கிடைக்காது. மேலே மிதப்பது கரையத் தொடங்கினால் அடுப்பை அணைக்க வேண்டும். நீங்கள் மகிழ்ந்திருக்கிறீர்கள். ஒரு வெப்பமானி வாங்குங்கள்.

அடுத்த தடவை சந்தேகக் கட்டியில் அரத்தால் ஒரு கீறல் போட்டு, கழிவறை கழுவும் அமிலத்தில் ஒரு சொட்டு விடுங்கள். துத்தநாகம் என்றால் நுரைத்துக்கொண்டு பொங்கும். ஈயம் சும்மா இருக்கும். கையுறையோடு, காற்றோட்டத்தில்.

---

காசிமேட்டுக்காரன் எழுதியது:

கூழ்க் குண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். மீன் குண்டின் அழகைப் பார்த்துக் கடிப்பதில்லை. கோவளத்துப் பாறைக்கு அவற்றை அனுப்புங்கள்.

எனக்குக் கவலை அந்த மழை இருட்டுதான். ஐப்பசியில் திறந்தவெளியில் ஈயம் காய்ச்சவே கூடாது. உருகிய ஈயத்தின் மேலே ஒரு துளி விழுந்தால் சீறிவிட்டுப் போகும். கரண்டியில் ஒட்டிய ஈரம் அடியில் போனால் மொத்தச் சட்டியும் முகத்துக்கு வரும். முறுக்கு சுடும் எண்ணெயில் தண்ணீர் பட்டதை நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள். என் சித்தப்பா கடற்கரை மணலில் குழி போட்டு ஊற்றியவர். மேல் மணல் காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். இன்றும் அவர் புறங்கையில் ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன. எடைக்கட்டியைக் கழுவினால் இரண்டு நாள் வெயிலில் காய வையுங்கள். புதிய கட்டிகளைக் குளிர்ந்த சட்டியில் போட்டு அடுப்பை மூட்டுங்கள், கொதிக்கிற சட்டியில் போடாதீர்கள்.

---

பிள்ளைமருத்துவர் எழுதியது:

குழந்தை மருத்துவராக ஒரு கேள்வி. இதை எங்கே செய்தீர்கள்? வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்களா?

---

வஞ்சிரப்பித்தன் எழுதியது:

அடுக்குமாடி மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். மகளுக்கு இரண்டு வயது.

---

பிள்ளைமருத்துவர் எழுதியது:

அந்த மாடியில் இனி வேண்டாம். குடியிருப்பின் தண்ணீரும் துணிக்கொடியும் இருக்கும் இடம் அது.

பெரும்பாலானவர்கள் ஆவிக்குத்தான் பயப்படுகிறார்கள். நீங்கள் வேலை செய்யும் வெப்பத்தில் ஆவி குறைவு, சட்டியை அளவுக்கு மேல் காய்ச்சினால் கூடும். உண்மையான தொல்லை தூசி. மேலே அள்ளிப் போடும் சாம்பல் நிறக் கசடு, கட்டிகளைக் கொட்டும்போது எழும் தூள், அரத்தால் தேய்க்கும் பொடி, எல்லாம் சட்டையிலும் செருப்பிலும் தலைமுடியிலும் ஏறி வீட்டுக்குள் வரும். தவழ்கிற குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். பெரியவர்களைவிடக் குழந்தையின் குடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்ற அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. அமெரிக்காவில் குழந்தைக்கு ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்றாலே கூர்ந்து கவனிக்கத் தொடங்குகிறார்கள், 2021 முதல்.

மாடியைப் பெருக்காதீர்கள், பெருக்கினால் பறக்கும். ஈரத்துணியில் சோப்புநீர் தொட்டுத் துடைத்து, துணியைத் தனியே கட்டிவிடுங்கள். அன்று போட்ட சட்டையைக் குழந்தையின் துணியோடு துவைக்க வேண்டாம். உங்களுக்கும் மகளுக்கும் இரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். பெரிய ஆய்வகங்களில் செய்கிறார்கள், ஒரு குழல் இரத்தம் போதும். பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம், பார்த்துவிட்டால் நிம்மதி.

பேட்டரியை யாரோ மறந்துவிடச் சொன்னார்கள், காரணம் சொல்லவில்லை. அதன் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி ஈயக் கட்டி அல்ல, ஈய சல்பேட்டும் ஆக்சைடும் சேர்ந்த களிம்பு. காய்ந்தால் மாவு. கூடவே கந்தக அமிலம். இப்போதைய பேட்டரிகளின் உள்ளே இருக்கும் ஈயச் சட்டகத்தில் கால்சியம் கலக்கிறார்கள். அந்தக் கசடு ஆர்சனிக், ஆண்டிமனி உள்ள கசடோடு சேர்ந்து ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்ற கொடிய வாயுக்கள் வரும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள்படி அது விற்றவரிடமோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ திரும்பப் போக வேண்டிய பொருள்.

---

பள்ளிக்கரணைநாரை எழுதியது:

எல்லாரும் குண்டு வார்ப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள், அது போய்ச் சேரும் இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பிரிட்டனில் அன்னப்பறவைகள் தூண்டில்காரர்கள் விட்ட சின்ன ஈயக் குண்டுகளைக் கூழாங்கல் என்று விழுங்கிச் செத்தன. 28 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயக் குண்டுகளின் விற்பனையை 1987-இல் தடை செய்தார்கள். முட்டுக்காட்டிலும் பழவேற்காட்டிலும் சேற்றைக் கிளறித் தின்னும் பறவைகள்தான் இருக்கின்றன. பாறைக்குப் பலி கொடுக்க ஈயமே வேண்டுமா?

---

காசிமேட்டுக்காரன் எழுதியது:

100 கிராம் குண்டை நாரை விழுங்காது. ஆனால் கழிமுகத்தில் போடும் சின்னக் குண்டைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அங்கே நான் பழைய ஸ்பார்க் பிளக்கைத்தான் கட்டுகிறேன். மெக்கானிக் கடையில் ஒரு டீக்குப் பத்துக் கொடுப்பார்கள்.

---

வஞ்சிரப்பித்தன் எழுதியது:

இரண்டு வாரம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், முதலில் இரத்தப் பரிசோதனை. மகளுக்கு 2-க்குக் கீழே. எனக்கு 6. மருத்துவருக்கு நன்றி. மாடியை மூன்று தடவை துடைத்துவிட்டேன், செயலாளரிடம் திட்டும் வாங்கிவிட்டேன். இனி வார்ப்பது சோழவரம் பக்கம் நண்பனின் தோப்பில், கொட்டகைக்குக் கீழே, அதற்கென்று வைத்திருக்கும் உடையோடு.

புரசைவாக்கத்தில் ஒரு வீடு இடிக்கும் இடத்தில் 12 கிலோ குழாய் வளையம் கிடைத்தது, ரசீதோடு. நகம் பதிகிறது. முதல் ஊற்றலில் தராசு 100 என்று சொன்னபோது விசிலடித்தேன்.

இனி அச்சு எழுத்து. கம்பாசிட்டர் மகன் ஐயா சொன்ன பிறகு சாக்கைத் திறந்து ஒரு தாம்பாளத்தில் பரப்பினேன். துதிக்கை வைத்த லை இருக்கிறது, ஒன்றல்ல, நாற்பதுக்கு மேல். கால் விரல் நகம் அளவுதான். ஒரு பக்கத்தில் சின்னப் பள்ளம் வெட்டியிருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் எழுத்தின் அடிப்பக்கம் எது என்று தெரிகிறது. அடியில் இன்னொன்றும் இருந்தது. சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு கட்டு, உள்ளங்கை அகலம், கலையாமல் அப்படியே. என்ன அது?

---

கம்பாசிட்டர்மகன் எழுதியது:

கட்டைப் பிரிக்காதீர்கள்! அது கோத்து முடித்த பக்கம். கயிற்றை அவிழ்த்தால் ஒரு நொடியில் எழுத்தெல்லாம் சிதறிக் கலந்துவிடும். அப்பாவிடம் யாராவது கட்டைத் தட்டிவிட்டால் அன்று மாலை வரை பேச மாட்டார். தட்டையான தகட்டில் வைத்து, முகத்தில் ஸ்டாம்பு மையை விரலால் லேசாகத் தடவி, மெல்லிய தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேயுங்கள். படம் போடுங்கள்.

---

வஞ்சிரப்பித்தன் எழுதியது:

தேய்த்துவிட்டேன். கல்யாணப் பத்திரிகை! 'ஆனந்த வருடம் தை மாதம்', 'காலை 9 மணிக்கு மேல்' என்று தெளிவாக விழுந்திருக்கிறது. காலையில் துதிக்கை லை. ஊர் பெயரும் மணமக்கள் பெயரும் இருப்பதால் படத்தைப் பொதுவில் போடவில்லை, உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

---

ரசப்பிரியை எழுதியது:

ஆனந்த வருடம் தை என்றால் 1975 ஜனவரி, பிப்ரவரி. அந்தப் பெண்ணுக்கு இப்போது எழுபது இருக்கும்.

---

கம்பாசிட்டர்மகன் எழுதியது:

வருடத்தின் பெயர் இருந்ததால் பிழைத்தோம். எழுத்து வடிவத்தை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது. ஆணை வந்த பிறகும் சிறிய அச்சகங்கள் புது எழுத்து வாங்கப் பணமில்லாமல் பழையதையே ஓட்டின.

வஞ்சிரப்பித்தன், ஒரு பேரம். எங்கள் வீட்டுப் பரணில் அப்பா கொண்டுவந்து போட்ட குவாட்டும் லெட்டும் மூன்று கிலோ இருக்கின்றன. சொல்லுக்குச் சொல், வரிக்கு வரி இடைவெளி விட வைக்கும் வெற்றுத் துண்டுகள், தலையில் எழுத்து கிடையாது. உலோகம் எழுத்தின் குடும்பம்தான். அதை எடுத்துக்கொண்டு சாக்கை எனக்குத் தருவீர்களா? எடைக்குக் கொடுத்த பணத்தையும் தந்துவிடுகிறேன்.

---

டெக்சாஸ்வாசி எழுதியது:

சரியான பேரம். 12 கிலோ மென்மையான ஈயத்தில் அந்த 3 கிலோவைச் சேர்த்தால், அது லினோடைப் மாதிரி என்று வைத்துக்கொண்டால், ஆண்டிமனி 2.4 சதவீதம், வெள்ளீயம் 0.8 வரும். பழைய எடைக்கட்டிக்குப் பக்கத்தில் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னேன், 18 கிலோ எழுத்தை உருக்காமல் விட்டதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

---

வஞ்சிரப்பித்தன் எழுதியது:

ஞாயிறு காலை ராயப்பேட்டைக்குப் போய் மாற்றிக்கொண்டோம். பணம் வாங்கவில்லை, காபி வாங்கிக்கொண்டேன். தோப்பில் ஊற்றியதில் 98 கிராம் வருகிறது. நகம் பதியவில்லை. குண்டின் விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாக விழுகிறது. பாறையில் ஒரு வாரம் அடித்தும் முனை மழுங்கவில்லை. அறுந்து போவது மட்டும் அப்படியேதான்.

ஐயா, ஒரு சந்தேகம். அந்தப் பத்திரிகைப் படியில் 'சுற்றமும்' என்ற சொல்லில் ஓர் எழுத்து தலைகீழாக விழுந்திருந்தது. நான் தேய்த்ததில் கோளாறா?

---

கம்பாசிட்டர்மகன் எழுதியது:

தேய்ப்பதில் கோளாறு இல்லை. கோத்தவர் றகரத்தைத் திருப்பி வைத்துவிட்டார். புரூப் பார்க்காத பக்கம் அது, இப்படியே அச்சேறியதா, வேறு கோத்தார்களா என்பது அவர்களுக்குத்தான் வெளிச்சம். நேற்று இரவு அப்பாவிடம் காட்டினேன். கண் சரியாகத் தெரியாது, விரலால் தடவினார். இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். இடுக்கி கேட்டார். அந்த ஒரு றகரத்தை உருவி, திருப்பிச் செருகி, மறுபடி கயிறு சுற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் படுக்கப் போனார்.